ஜி.எஸ்.டி. ரோட்டில் குரங்குப் பெடல்

உலகத்தைச் சைக்கிளில் சுற்றி வந்த முதல் ஆள் தாமஸ் ஸ்டீவன்ஸ். 1884-இல் சான் பிரான்சிஸ்கோவில் கிளம்பினார். முன்சக்கரம் நெஞ்சளவு உயரம், பின்சக்கரம் பெயருக்கு ஒன்று. அந்தக் காலத்து பென்னி ஃபார்த்திங் வண்டி. 1886-இல் ஆப்கானிஸ்தானில் மடக்கித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மனிதர் அசரவில்லை. கப்பலும் ரயிலும் ஏறிச் சுற்றிக்கொண்டு லாகூர் வந்து, அங்கிருந்து கல்கத்தா வரைக்கும் கிராண்ட் டிரங்க் ரோட்டில் மிதித்தார். நம்மிடம் இருப்பது கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு. யாரிடமாவது ஒரு வார்த்தை விசாரித்திருந்தால் தாம்பரத்தைப் பார்த்திருக்கலாம். கொடுத்துவைக்கவில்லை.

பார்த்திருந்தால் ஒன்று புரிந்திருக்கும். ஐரோப்பாவின் சைக்கிள் சரித்திரம் என்பது பாதிக்கு மேல் யார் எப்படி உட்கார்ந்தார்கள் என்ற சரித்திரம்தான். ஒருத்தர் புதுசாக ஒரு தினுசில் உட்காருவார். சாதனை படைப்பார். உடனே யு.சி.ஐ. என்கிற சர்வதேச சைக்கிள் சங்கம் கூடி, இனிமேல் யாரும் அப்படி உட்காரக் கூடாது என்று விதி போடும். 1930களிலிருந்து இந்தக் கூத்து நடக்கிறது. அவர்கள் தடை போட்ட தினுசுகளில் பெரும்பாலானவற்றைத் தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் நடுவே அரை டவுசர் பையன்கள் சாதனை என்று தெரியாமலே ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். நோட்டுப் போட்டுக் குறித்துவைத்த ஒரே மனிதர் வாடகை சைக்கிள் கடைக்காரர். அவரும் எடுத்த மணி, விட்ட மணி, பழைய பாக்கி என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

சைக்கிளின் மூலபுருஷர் கார்ல் ஃபான் டிரைஸ், ஜெர்மனியில் காட்டிலாகா அதிகாரி. 1817 ஜூன் 12 அன்று மன்ஹைம் நகரில், இரண்டு சக்கரம் மாட்டிய ஒரு மரச்சட்டத்தின் மேல் கால் பரப்பி உட்கார்ந்து, தரையை மாற்றி மாற்றி உதைத்துக்கொண்டே புறப்பட்டார். பெடல் கிடையாது, செயின் கிடையாது. அந்த வண்டி பெடலைப் பார்க்கவே அரை நூற்றாண்டு ஆனது. 1860களில் பாரிஸில் முன்சக்கரத்தின் அச்சிலேயே பெடலை மாட்டினார்கள். 1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் இங்கிலாந்தில் ரோவர் வண்டியைக் கொண்டுவந்தார்: இரண்டு சக்கரமும் ஏறத்தாழ ஒரே உயரம், பின்சக்கரத்துக்குச் செயின். 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொடுத்தார். ஆக, ஒழுங்காக உட்கார்ந்து மிதிக்க ஐரோப்பாவுக்கு எழுபது வருஷம் பிடித்தது.

தாம்பரத்துப் பையனுக்கு ஒரு முழுப்பரீட்சை லீவு போதும். முதலில் வண்டியை உருட்டிக்கொண்டே ஓடுவான். அப்புறம் இடது காலை இடது பெடலில் வைத்து, வலது காலால் தரையை உதைத்துத் தத்துவான். இதுதான் டிரைஸ் கட்டம். டிரைஸுக்கு இரண்டு காலும் தேவைப்பட்டன, இவனுக்கு ஒன்று போதும். அதற்கடுத்து ஐரோப்பாவில் பிரபுக்களும் இன்ஜினீயர்களும் எட்டிப் பார்க்காத ஒரு கட்டத்துக்குப் போவான். அந்தக் கட்டம் எப்படி வந்தது என்பதற்கு வாடகைக் கடையில்தான் சாட்சி இருக்கிறது.

"அண்ணே, சின்ன சைக்கிள் இருக்கா?"

"போயிருக்கு. பெருசு இருக்கு, எடுத்துக்கினு போறியா?"

"கால் எட்டாதுண்ணே."

"உன்ன யாரு உக்காரச் சொன்னா?"

உலக சைக்கிள் சரித்திரத்தில் இவ்வளவு துணிச்சலான கேள்வியை வேறு யாரும் கேட்டதில்லை. டிரைஸ் முதல் ஸ்டார்லி வரை அத்தனை பேரும் ஆளை எங்கே உட்காரவைப்பது என்றுதான் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். உட்காருவதே எதற்கு என்று கேட்டவர் நம் கடைக்காரர். இருபத்திரண்டு அங்குல ஃபிரேமும், இருபத்தெட்டு அங்குலச் சக்கரமும், இருபது கிலோ இரும்புமாக நிற்கிற வண்டி. பத்து வயசுப் பையன். இந்தக் கணக்குக்கு விடைதான் குரங்குப் பெடல்.

அதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். இடது கை ஹேண்டிலில். வலது கை சீட்டைச் சுற்றிவளைத்து, சீட்டு கக்கத்துக்குள். இடது கால் இடது பெடலில். வலது கால் பாருக்குக் கீழே, ஃபிரேமின் முக்கோணத்துக்குள் புகுந்து அந்தப் பக்கத்துப் பெடலைத் துழாவிப் பிடிக்கும். பையன் மொத்தமும் இடப்பக்கம் தொங்குவதால் வண்டி வலப்பக்கம் சாய்ந்தாக வேண்டும். இரண்டு எடையும் சேர்ந்து டயருக்கு நேர்மேலே நின்றால்தான் கீழே விழாது. எதிரே வருகிறவருக்கு, வண்டியும் ஆளும் சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் பிரிந்து போகிற மாதிரி தெரியும். ஆரம்பத்தில் பெடலை முழு வட்டம் சுற்ற இடுப்பு இடம் கொடுக்காது. ஒரு அமுக்கு, பிறகு பெடலைப் பின்னுக்கு இழுத்து மறுபடி ஒரு அமுக்கு. கட்டக்... கட்டக்... இதுதான் அரைப் பெடல். பின்சக்கரத்தில் ஃபிரீவீல் இருப்பதால் நடக்கிற காரியம் இது. ஸ்டீவன்ஸ் ஓட்டிய வண்டியில் ஃபிரீவீல் கிடையாது. சக்கரம் சுற்றுகிற வரைக்கும் பெடலும் சுற்றும். அதில் அரைப் பெடல் போட்டிருந்தால் காலைக் கழற்றிக் கையில் கொடுத்திருக்கும்.

வலது கெண்டைக்காலில் செயின் மசியால் ஒரு கறுப்புக் கோடு விழும். அது எந்தச் சோப்புக்கும் போகாது. அம்மாவுக்கு யாரும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை, காலே சொல்லிவிடும். இந்த வித்தைக்கு மரியாதை செய்ய சினிமாவுக்கு 2024 வரை ஆனது. ராசி அழகப்பன் கதையை வைத்துக் கமலக்கண்ணன் எடுத்த படத்துக்கு 'குரங்கு பெடல்' என்றே பெயர்.

அடுத்த கட்டம் பார். காலைத் தூக்கிப் போடத் தெரிந்துவிட்டது, சீட்டுக்கு இன்னும் உயரம் போதவில்லை. எனவே நடுப்பாரின் மேலேயே உட்கார்ந்து, இந்தப் பக்கம் ஒரு சறுக்கு, அந்தப் பக்கம் ஒரு சறுக்கு. விவரமான பையன் பாரில் ஒரு துண்டைச் சுற்றிக்கொள்வான். விவரமில்லாதவன் மறுநாள் நடக்கிற நடையைப் பார்த்தே ஊர் தெரிந்துகொள்ளும். 2016 டூர் டி பிரான்ஸில் கிறிஸ் ஃபுரூம் ஒரு மலையிறக்கத்தில் சீட்டை விட்டு இறங்கிப் பாரின் மேல் உட்கார்ந்து, ஹேண்டிலில் நெஞ்சைச் சாய்த்து மிதித்துக்கொண்டே போய் அன்றைய பந்தயத்தை ஜெயித்தார். உலகப் பத்திரிகைகள் வாயைப் பிளந்தன. செம்பாக்கத்தில் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரே வித்தியாசம், ஃபுரூமுக்குக் கால் எட்டும்.

பாரிலிருந்து சீட்டுக்குப் போகிற நாள் சிலருக்குக் கல்யாண நாளைவிட நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆனால் சீட்டில் ஏறியபின் அந்த வண்டி ஒருவரை உட்காரவைக்கிற விதம் இருக்கிறதே, அது நம் ஊர் யோசனை இல்லை. டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-இல் முருகப்பா குழுமமும் ஓர் ஆங்கிலக் கம்பெனியும் சேர்ந்து ஆரம்பித்தது. அம்பத்தூரில் ஃபாக்டரி. அங்கிருந்து வந்த ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. எல்லாமே ஆங்கிலேயப் பெயர், ஆங்கிலேய வார்ப்பு. ஹேண்டில் உயர்ந்து, பின்னால் வளைந்து வந்து கைக்குள் விழும். முதுகு நேராக நிற்கும். உடம்பின் பாரம் ஏறக்குறைய முழுக்கவும் சீட்டில் இறங்கும். அதனால்தான் சீட்டுக்கு அடியில் அவ்வளவு பெரிய இரண்டு ஸ்பிரிங். இங்கிலாந்தில் ஒரு பாதிரியார் கோட்டு கசங்காமல் சர்ச்சுக்குப் போய்ச்சேர ஏற்ற வடிவம். அதே வண்டியில் இங்கே பின்னால் ஒரு அரிசி மூட்டை, பாரில் ஒரு குழந்தை, ஹேண்டிலில் இரண்டு பை, முன்னால் தொங்குகிற ஒரு கோழி. பாதிரியார் பார்த்தால் ஸ்தோத்திரம் சொல்லியிருப்பார்.

நேராக உட்காருவதில் ஒரு சிக்கல் உண்டு. மணிக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டரைத் தாண்டினால் மிதிக்கிற மிதியில் பெரும்பகுதி காற்றைத் தள்ளத்தான் செலவாகும். நிமிர்ந்த நெஞ்சு காற்றுக்குக் கட்டின பாய்மரம். குனிந்தால் பாதி மிச்சம் பிடிக்கலாம் என்பதற்காகவே அந்த ஊர்க்காரர்கள் வளைந்த ஹேண்டில் போட்டார்கள். குரோம்பேட்டையில் இதற்கென்றே ஒரு கல்லூரி இருந்தது. 1949-இல் சி. ராஜம் தொடங்கிய எம்.ஐ.டி. விமானப் பொறியியல் அங்கே ஒரு பாடம். அப்துல் கலாம் அதைத்தான் படித்தார். வகுப்பில் காற்றுத் தடையைப் பற்றிப் பலகை நிறைய எழுதியிருப்பார்கள். காம்பவுண்டுக்கு வெளியே அதே ஜி.எஸ்.டி. ரோட்டில் பால்காரர் நெஞ்சை நிமிர்த்திக் காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு போவார். கேரியரின் இரண்டு பக்கமும் கேன் தொங்கும். குதிகால் கேனில் இடிக்காமல் இருக்க முழங்காலை வெளியே அகட்டி, பாதத்தின் நுனியால் மிதிப்பார். குனிந்தால் பால் தளும்பும். பால் தளும்பினால் தண்ணீர் கலந்ததற்குச் சமாதானம் சொல்கிற அதே வீட்டில் அளவு குறைந்ததற்கும் சமாதானம் சொல்ல வேண்டும். ஏரோடைனமிக்ஸ் தெரியாமல் அவர் நிமிரவில்லை.

உடையும் அவர் பக்கம்தான். வேட்டியை மடித்துக் கட்டிக் குனிந்து மிதித்துப் பாருங்கள், அரசாங்கமே நடவடிக்கை எடுக்கும். பேண்ட் போட்ட ஆபீசர் கணுக்காலில் ஒரு எஃகு கிளிப் மாட்டிக்கொள்வார், செயின் கடிக்காமல் இருக்க. சேலையூரிலிருந்தும் முடிச்சூரிலிருந்தும் கிளிப் மாட்டி வந்தவர்கள் ஸ்டேஷன் ஸ்டாண்டில் வண்டியைப் போட்டுவிட்டு ரயில் பிடித்தார்கள். பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் 1931-லேயே மின்சார ரயில் வந்துவிட்டது. கிளிப்பைக் கழற்ற மறந்து நாள் பூரா ஒரு கால் பேண்ட் மட்டும் சுருங்கிய கோலத்தில் பாரிமுனையில் உலவியவர்கள் உண்டு. ரயில் வந்ததால் கேட்டும் வந்தது. மூடிய கேட்டுக்கு அடியில் வண்டியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, தானும் இடுப்பை ஒடித்து, பெடல் தரையில் உரசாமல் வாத்து நடை நடந்து அந்தப் பக்கம் போவது ஒரு தனி ஆசனம். ரயில்வே அதைச் சட்டவிரோதம் என்றது. யோகா மாஸ்டர்கள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

இனி டபுள்ஸ். ஐரோப்பாவில் சங்கம் என்ன வேலை செய்ததோ, அதே வேலையை இங்கே சண்முகம் ரோடு முனையில் நின்ற கான்ஸ்டபிள் செய்தார். பின்னால் ஆள் ஏற்றினால் பிடிப்பார், ராத்திரியில் லைட் இல்லை என்றால் பிடிப்பார். அபராதம் கட்டக் காசில்லாதவனுக்கு நின்ற இடத்தில் தண்டனை: டயரின் வால்டியூபைப் பிடுங்கிக் கையில் கொடுத்துவிடுவார். புஸ்ஸென்று ஒரு சத்தம். மிச்ச தூரம் தள்ளு.

"எறங்கு, எறங்கு. இன்னாடா, டபுள்ஸா?"

"சார், பின்னாடி எங்க அண்ணன் சார். கால்ல அடி சார். ஆஸ்பத்திரிக்கு சார்."

"அடிபட்ட காலு எதுக்குடா பெடல் மேல கீது?"

"அது வந்து சார்... நான் ஹேண்டிலு, அவன் பெடல் சார்."

இந்த வேலைப் பிரிவினை உண்மையிலேயே இருந்தது. முன்னால் சீட்டில் இருப்பவன் திருப்புவான், பெல் அடிப்பான். கேரியரில் இருப்பவன் இரண்டு பக்கமும் காலை நீட்டி மிதிப்பான். கேரியரில் ஏறுவதும் ஒரு கலை. நின்ற வண்டியில் ஏறக் கூடாது, ஏறினால் கிளம்பாது. ஓட்டுகிறவன் நாலு மிதி மிதித்துப் பிடித்துக்கொண்டதும் பின்னாலேயே ஓடிவந்து ஒரு பக்கமாகக் குதித்து உட்கார வேண்டும். அந்த நொடியில் முன்சக்கரம் ஒரு ஆட்டம் ஆடும். அதைச் சமாளிக்கிறவனுக்குத்தான் அடுத்த நாளும் டபுள்ஸ் கிடைக்கும்.

படுத்துக்கொண்டு ஓட்டுவதையும் பார்த்துவிடலாம். 1933 ஜூலை 7 அன்று பாரிஸில் பிரான்சிஸ் ஃபோர், ஷார்ல் மோஷே செய்த படுக்கை சைக்கிளில் மல்லாந்து சாய்ந்து, காலை முன்னால் நீட்டி மிதித்து, ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் போனார். அதற்கு முன் இருந்த சாதனை 1914-இல் ஆஸ்கர் எக் வைத்த 44.247. இத்தனைக்கும் ஃபோர் முதல் வரிசை வீரர்கூட இல்லை. குனிந்து கிடந்து இருபது வருஷம் பயிற்சி எடுத்தவர்களுக்கு வயிற்றெரிச்சல். 1934 ஏப்ரல் 1 அன்று சங்கம் பந்தய சைக்கிள் என்றால் என்ன என்று புது இலக்கணம் வெளியிட்டது. படுக்கை வண்டி அதற்குள் அடங்கவில்லை. நாளைக் கவனியுங்கள், ஏப்ரல் ஒன்று. அதே காலத்தில் நம் பக்கம் படுப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. டாக்டர் சௌரி முத்து 1928-இலேயே தாம்பரத்தில் காசநோய் சானடோரியம் ஆரம்பித்திருந்தார். திறந்த வெளி, நல்ல காற்று, ஓய்வு, வைத்தியமே அதுதான். பின்னால் அந்தப் பெயரில் ரயில்வே ஸ்டேஷனே வந்துவிட்டது. படுக்கை சைக்கிள் மட்டும் ஜி.எஸ்.டி. ரோட்டுக்குச் சரிப்பட்டிருக்காது. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் பல்லவன் பஸ்ஸின் அச்சு மட்டும்தான் தெரியும், பஸ் டிரைவருக்கு அதுவும் தெரியாது.

1993-இல் ஸ்காட்லாந்துக்காரர் கிரேம் ஓப்ரீ இரண்டு கையையும் மடக்கி நெஞ்சுக்கு அடியில் சொருகிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் 51.596 கிலோமீட்டர் ஓட்டினார். அவரே செய்த வண்டி, அதில் வாஷிங் மெஷின் பேரிங் வேறு. அடுத்த வருஷமே சங்கம் தடை போட்டது. மனிதர் சளைக்காமல் 1995-இல் கையை முழுசாக முன்னால் நீட்டி ஓட்டும் 'சூப்பர்மேன்' தினுசைக் கொண்டுவந்தார். 1996-இல் கிறிஸ் போர்ட்மேன் அந்தத் தினுசில் 56.375 கிலோமீட்டர் போனார். அதையும் பின்னால் ஒதுக்கி வைத்தார்கள். இதில் தாம்பரத்துக்கு என்ன புதுசு? சீட்டைத் தம்பிக்குக்கூடக் கொடுக்காமல் காலியாக விட்டுவிட்டு, கேரியரில் உட்கார்ந்து, சீட்டின் மேல் நெஞ்சை வைத்து, கையை நீட்டி ஹேண்டிலைப் பிடித்து ஓட்டாத பையன் எந்தத் தெருவில் இருந்தான்? ஓப்ரீக்கு காற்றைக் கிழிக்க வேண்டியிருந்தது. இவனுக்கு எதிர் வீட்டு ஜன்னலில் யாராவது பார்க்க வேண்டியிருந்தது. இரண்டும் ஒரே தோரணைதான்.

உட்காருவதையே ஒரு தொழிலாக்கியவர்களும் இருந்தார்கள். காலி மைதானத்தில் ஒரு கம்பம், டியூப் லைட், குழாய் ரேடியோவில் சினிமாப் பாட்டு. 'இரவு பகல் இறங்காமல் சைக்கிள் ஓட்டும் வீரர்' வட்டம் போட்டுக்கொண்டிருப்பார். சாப்பாடு வண்டியில், குளியல் வண்டியில், சட்டை மாற்றுவது வண்டியில். நடுநடுவே ஹேண்டில் மேல் ஏறி நிற்பார், சீட்டில் தலைகீழாகப் படுப்பார். சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்துவார்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு அவர் இறங்குகிறாரா என்று துப்பறிய ஒரு பையன் கூட்டம் விழித்திருக்கும். ஒருவனும் கடைசிவரை விழித்திருந்ததில்லை. பக்கத்துத் தெருவில் சாணை பிடிப்பவர் ஸ்டாண்டு போட்ட சைக்கிளை மிதித்து, கத்தியில் பொறி பறக்கவிட்டு, ஒரு அங்குலம்கூட நகராமல் சம்பாதித்துக்கொண்டிருப்பார். இன்று ஜிம்மில் அதே நிலையில் மிதிப்பவர்கள் காசு கொடுத்து மிதிக்கிறார்கள். கத்தியும் கூர்மையாவதில்லை.

பெண்கள் விஷயத்தில் தாம்பரம் பெருமைப்பட ஒன்றும் இல்லை, புதுக்கோட்டைக்குத்தான் போக வேண்டும். 1991-இல் அறிவொளி இயக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, ஆயிரக்கணக்கில் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். ஊர் பேசாத பேச்சு இல்லை. லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்கவில்லை, ஆண்கள் வண்டியையே வாங்கினார்கள். அப்புறம் லேடீஸ் சைக்கிள் கிடைத்தாலும் பலருக்குப் பார் வைத்த வண்டிதான் வேண்டியிருந்தது. காரணம் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார்: பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம். பாவாடைக்கு வசதியாகப் பாரை எடுத்துவிட்ட இங்கிலாந்து நிபுணர்களுக்கு இது தோன்றவே இல்லை. சேலையில் பார் வண்டி ஏறிய ஒரு பெண்ணைப் பார்த்தபின் ஃபுரூம் ஏறினார், ஓப்ரீ ஏறினார் என்று சொல்லவே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

இப்போது மேலக்கோட்டையூரில் சரிவு வைத்த சிமெண்ட் டிராக் இருக்கிறது, அதில் குனிந்து பறக்கிறார்கள். விடிகாலையில் ஈ.சி.ஆரில் லைக்ரா போட்ட கூட்டம் போகிறது. முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது என்று அளந்து சீட்டு உயரம் சொல்ல ஆள் இருக்கிறார், அதற்குத் தனிக் கட்டணம். வாடகைக் கடையில் முந்தைய ஆள் விட்டுப்போன உயரம்தான் உயரம்.

2021 ஏப்ரல் 1. மறுபடியும் ஏப்ரல் ஒன்று. சங்கம் புது விதியை அமலுக்குக் கொண்டுவந்தது: பந்தயத்தில் பாரின் மேல் உட்காரக் கூடாது, முன்கையை ஹேண்டிலில் ஊன்றக் கூடாது. அதாவது மப்பேட்டில் மதிய வெயிலில் தாடையைக் கையில் தாங்கிக்கொண்டு சும்மா போகிற ஆள்கூட இனி குற்றவாளி.

விதி வந்து ஐந்தே நாள்தான் ஆகியிருந்தது, ஏப்ரல் 6 சட்டமன்றத் தேர்தல். நீலாங்கரையில் நடிகர் விஜய் கறுப்பும் சிவப்புமான ஒரு சைக்கிளில் ஓட்டுப் போடக் கிளம்பினார். பின்னால் ரசிகர்கள் பைக்கில். பெட்ரோல் விலைக்கு எதிர்ப்பு என்றார்கள், கறுப்பு சிவப்புக்கு அர்த்தம் கண்டுபிடித்தார்கள். வாக்குச்சாவடி பக்கத்திலேயே இருக்கிறது, காரை நிறுத்த இடமில்லை, அதனால் சைக்கிள் என்று அவர் தரப்பில் விளக்கம் வந்தது. எல்லா டி.வி.யும் அந்த இரண்டு சக்கரத்தையே நாள் பூரா காட்டின. உட்கார்ந்த விதத்தைப் பற்றி மட்டும் ஒருவரும் பேசவில்லை. சீட்டில் உட்கார்ந்திருந்தார், பாரில் இல்லை. முன்கை ஹேண்டிலில் இல்லை. சங்கத்தின் புது விதிக்கு அட்சரம் பிசகாமல் உட்பட்ட தோரணை. திரும்பும்போதுதான் கூட்டம் தாங்காமல் ஒரு இருசக்கர வண்டியின் பின்னால் ஏறிப் போனார். டபுள்ஸ். சுற்றி அவ்வளவு போலீஸ் நின்றும் ஒருத்தர்கூட வால்டியூபில் கை வைக்கவில்லை.